இரவு விலையா, மாதச் சந்தாவா? முதலில் மாலை நேர மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் மின்சாரக் கார் ஒன்று வாங்கினோம். நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுவதில் மாதத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறது. காருடன் வந்த சார்ஜரை 16 ஆம்பியர் பிளக்கில் செருகி வீட்டிலேயே சார்ஜ் செய்கிறோம். மின்கட்டணம் திடீரென்று கூடியதால் மின் நிறுவனத்தில் விசாரித்தபோது மூன்று வழிகள் சொன்னார்கள். ஒன்று, இப்போதிருப்பது போல எல்லா நேரத்துக்கும் ஒரே விலை. இரண்டு, வீடு முழுவதற்கும் நேரவாரி விலை. இரவு 11 முதல் காலை 6 வரை குறைவு, மாலை 5 முதல் இரவு 10 வரை அதிகம். மூன்று, வீட்டை இப்போதைய கட்டணத்திலேயே விட்டுவிட்டுக் காருக்கு மட்டும் மாதச் சந்தா. இரவு நேரத்தில் எவ்வளவு ஏற்றினாலும் ஒரே தொகை, ஆனால் அவர்கள் தரும் 7.4 கிலோவாட் சார்ஜரைப் பொருத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார். இரண்டு ஏ.சி. இருக்கின்றன. நாங்கள் வேலையிலிருந்து திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது? தினமும் இரவு முழுவதும் சார்ஜில் போட்டு வைத்தால் பேட்டரி கெட்டுவிடாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, காரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. வீட்டைப் பற்றிய ஓர் எண் மட்டும் இல்லை. மாலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இடையில் உங்கள் வீடு எத்தனை யூனிட் எடுக்கிறது என்பதுதான் அது. காருக்கான கட்டணத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் காரின் யூனிட்டுகளை மட்டுமே எண்ணுகிறார்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டாவது திட்டத்தில் கார் இரவில் மிச்சப்படுத்தித் தருவதை வீடு மாலையில் செலவழித்துவிட முடியும். வீட்டில் உள்ள மின்சாதனங்களில் கார்தான் மிகவும் சொன்னபடி கேட்பது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருக்கும் அதற்குத் தேவைப்படுவது இரண்டு மணி நேர மின்சாரம்தான் என்பதால், எந்த இரண்டு மணி நேரம் என்பதை நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். விளக்கையும் அடுப்பையும் மாமியாரின் அறையிலுள்ள ஏ.சி.யையும் அப்படி நள்ளிரவுக்குத் தள்ளிப்போட முடியாது.

மின் நிறுவனம் இரவில் விலையைக் குறைப்பதற்கான காரணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் படிக்கும்போது அது உதவும். மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது இன்றும் செலவு பிடிக்கும் காரியம். ஆகையால் அந்தந்த நேரத்துத் தேவைக்கு ஏற்ப அந்தந்த நேரத்திலேயே உற்பத்தி செய்ய வேண்டியிருக்கிறது. எல்லோரும் வீடு திரும்பும் மாலையில் தேவை உச்சத்துக்குப் போகிறது. அந்த ஒரு சில மணி நேரத்துக்காகவே கூடுதல் மின் நிலையங்களும் தடித்த கம்பிகளும் பெரிய மின்மாற்றிகளும் தேவைப்படுகின்றன. நள்ளிரவுக்குப் பின் அவையெல்லாம் பாதி வேலையில் நிற்கின்றன. எளிதில் குறைக்கவோ நிறுத்தவோ முடியாத அனல், அணு மின் நிலையங்கள் இரவிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்த உபரியை விற்பதற்காக வந்ததுதான் இரவு விலை. மின்சாரக் கார்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1978இல், பிரிட்டனில் ‘எகானமி 7’ என்ற பெயரில் இரவில் ஏழு மணி நேரத்துக்கு விலை குறைந்த மின்சாரம் கொடுத்தார்கள். இரவில் வெப்பத்தைச் சேமித்துப் பகலில் வெளிவிடும் ஹீட்டர்களுக்காக வந்த திட்டம் அது. சூரிய மின்சாரம் பெருகிய பகுதிகளில் இப்போது நண்பகலிலும் உபரி வருகிறது. கலிபோர்னியாவில் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பு 2013இல் வெளியிட்ட, சூரிய, காற்று மின்சாரம் போக மீதமிருக்கும் தேவையின் வரைபடம் நண்பகலில் வயிறு தொங்கி மாலையில் கழுத்து நிமிர்ந்து வாத்தைப் போலத் தெரிந்ததால் அதற்கு ‘வாத்து வளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே சலுகை நேரம் என்பது என்றென்றைக்கும் இரவுதான் என்று நினைக்க வேண்டாம். நிறுவனங்கள் அந்த நேரங்களை அவ்வப்போது மாற்றுகின்றன. மாற்றினால் உங்களுக்கு எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காரின் கணக்கு. நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் செலவழிக்கும். உங்கள் காரின் திரையில் சராசரி இதைவிடக் கூடவோ குறையவோ காட்டினால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு 150 யூனிட் ஆகிறது. ஆனால் இது பேட்டரியிலிருந்து செலவாகும் அளவுதான், மீட்டரில் ஏறும் அளவு அன்று. சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தைக் காருக்குள் இருக்கும் சார்ஜர் நேர்திசைக்கு மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. சார்ஜ் நடக்கும் நேரமெல்லாம் காரின் கணினிகளும் குளிர்விக்கும் பம்பும் விழித்திருந்து இருநூறு, முன்னூறு வாட் வரை எடுத்துக்கொள்கின்றன. இந்த இழப்பு 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மீட்டரில் மாதத்துக்கு 170 யூனிட் ஏறும். ஒரு நாளைக்கு ஆறு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. உங்கள் 16 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட் வரை எடுக்கும் சார்ஜருக்கு அது இரண்டு மணி நேர வேலைகூட இல்லை. இரவு 11 முதல் 6 வரை ஏழு மணி நேரமும் முழுமையாக ஏற்றினால் 130 கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தேவையான மின்சாரம் கிடைத்துவிடும். இதனால், 7.4 கிலோவாட் சார்ஜர் உங்கள் ஓட்டத்துக்குத் தேவையே இல்லை. சந்தாவுடன் சேர்ந்து வருவதால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று திட்டங்களையும் ஒப்பிடுவதற்கு விலைகளைப் புள்ளிகளாக வைத்துக்கொள்வோம். உங்கள் கட்டண அட்டையில் உள்ள எண்களைப் பிறகு நீங்களே போட்டுப் பார்க்கலாம். இப்போதைய விலை யூனிட்டுக்கு 10 புள்ளி. நேரவாரித் திட்டத்தில் இரவு 6, மாலை 14, மற்ற நேரம் 10. சந்தா மாதம் 1,000 புள்ளி. கார் இல்லாமல் வீடு மாதம் 300 யூனிட் எடுப்பதாகக் கொள்வோம். முதலில், மாலையில் அதிகம் செலவழிக்காத ஒரு வீடு: மாலையில் 120, இரவில் 60, மற்ற நேரத்தில் 120. ஒரே விலைத் திட்டத்தில் காரையும் சேர்த்து இந்த வீட்டுக்கு 4,700 புள்ளி ஆகும். நேரவாரித் திட்டத்தில் 4,260 ஆகும். 440 புள்ளி மிச்சம், நல்ல மிச்சம்தான்.

அடுத்து, மொத்தம் அதே 300 யூனிட் எடுத்தாலும் மாலையில் 200, இரவில் 40, மற்ற நேரத்தில் 60 என்று பிரியும் வீட்டைப் பாருங்கள். எல்லோரும் ஆறரைக்குத் திரும்பி, இரண்டு ஏ.சி.யும் ஓடி, சமையலும் துணி துவைப்பும் அப்போதே நடக்கும் வீடு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். இந்த வீட்டுக்கு நேரவாரித் திட்டத்தில் ஆவது 4,660 புள்ளி. 170 யூனிட்டையும் ஒன்றுகூடத் தவறாமல் இரவிலேயே ஏற்றியும் மாதம் முழுவதற்கும் மிச்சம் 40 புள்ளிதான். ஒரே ஒரு நாள் மறந்து, வந்தவுடன் பிளக்கைச் செருகி ஆறு யூனிட்டை மாலையில் ஏற்றிவிட்டால் 48 புள்ளி கூடுதலாகி அந்த மிச்சமும் போய்விடும். இரு வீடுகளிலும் ஒரே கார், ஒரே ஓட்டம், ஒரே மொத்த யூனிட். மாலைப் பழக்கம் மட்டுமே வேறு.

சந்தாவில் இரு வீடுகளுக்கும் வீட்டுச் செலவு 3,000, சந்தா 1,000, ஆக 4,000 புள்ளி. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் சந்தா இரண்டையும் வெல்கிறது. ஆனால் சந்தா என்பது ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை. எவ்வளவு ஓடினால் அது கட்டுப்படியாகும் என்பதையும் பார்த்தாக வேண்டும். மாலைச் செலவு குறைந்த முதல் வீட்டில், மாதம் 350 கிலோமீட்டருக்குக் கீழே ஓடினால் இப்போதைய ஒரே விலையே போதும். 350க்கும் ஏறக்குறைய 750க்கும் இடையில் நேரவாரி விலை நல்லது. அதற்கு மேல் சந்தா. மாலைச் செலவு மிகுந்த இரண்டாவது வீட்டிலோ 590 கிலோமீட்டர் வரை ஒரே விலை, அதற்கு மேல் சந்தா. நேரவாரி விலை எந்த ஓட்டத்திலும் முதலிடத்துக்கு வரவே வராது. இந்த எல்லைகள் நான் வைத்துக்கொண்ட புள்ளிகளுக்கு மட்டுமே பொருந்துபவை. உங்கள் கட்டண அட்டையில் இரவுக்கும் மாலைக்கும் உள்ள இடைவெளி இதைவிடப் பெரிதாக இருந்தால் எண்கள் நகரும். ஆயினும் கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு கிளைச் சிக்கலும் உண்டு. உங்கள் இப்போதைய கட்டணம் படிப்படியாக உயரும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அதாவது முதல் சில யூனிட்டுகள் மலிவாகவும் அடுத்தடுத்தவை விலை கூடியும் இருந்தால், மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை பார்ப்பது உங்களை ஏமாற்றிவிடும். கார் வந்தபின் கூடிய 170 யூனிட்டும் அடிப் படியில் சேர்வதில்லை. ஏற்கெனவே இருந்ததற்கு மேலே ஏறி, விலை மிகுந்த கடைசிப் படிகளில் நிற்கின்றன. உங்கள் கட்டணம் ‘திடீரென்று’ கூடியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் கார் வருவதற்கு முந்தைய மாதத்து ரசீதையும் இப்போதைய ரசீதையும் அருகருகே வைத்து, கூடிய தொகையைக் கூடிய யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். இரண்டு மாதங்களும் ஒரே பருவத்தைச் சேர்ந்தவையாக இருக்கட்டும், இல்லையென்றால் ஏ.சி.யின் செலவு காரின் கணக்கில் வந்துவிடும். அந்த விலையைத்தான் சந்தாவோடு ஒப்பிட வேண்டும். படிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்குக் காரை வீட்டுக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிடும் சந்தா, பார்வைக்குத் தெரிவதைவிட அதிகமாக உதவும். நேரவாரித் திட்டத்துக்கு மாறினால் அடிப் படியின் மலிவு விலை உங்களுக்குத் தொடருமா என்ற கேள்வியையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

சரி, அந்த மாலை எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அது கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை யூனிட்டைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். நிறுவனத்தின் செயலியில் நாள்வாரி வரைபடமாகவே பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் ஒரு நோட்டையும் பேனாவையும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். மாலை ஐந்துக்கு ஒன்று, இரவு பத்துக்கு ஒன்று, காலை ஆறுக்கு ஒன்று என மூன்று வாசிப்புகள். மாலை ஐந்து மணி வாசிப்பை மாமியார் எழுதித் தர முடிந்தால் உதவியாக இருக்கும்; எழுத்து தெரியும் தூரத்தில் நின்று திரையைக் கைப்பேசியில் படம் பிடித்தாலும் போதும். அந்த நாட்களில் காரைப் பத்து மணி வாசிப்புக்கு முன் செருக வேண்டாம். விடுமுறை நாட்களையும் சேர்த்து இரண்டு வாரம் செய்தால் மாதத்துக்கான மதிப்பீடு கிடைத்துவிடும். கோடையும் குளிரும் ஏ.சி.யின் ஓட்டத்தை மாற்றுமாதலால், வெப்பம் மிகுந்த மாதத்து ரசீதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டருக்கு முன் நிற்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அதன் முகப்பில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும்; பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 1,600 துடிப்பு, அல்லது 3,200 துடிப்பு என்பது போல ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 1,600 என்று போட்டிருந்தால், 3.3 கிலோவாட் சார்ஜர் மட்டும் ஓடும்போது அந்த விளக்கு நிமிடத்துக்கு 88 முறை சிமிட்ட வேண்டும். நள்ளிரவில் மற்றவற்றை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். சார்ஜர் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை அது உண்மையிலேயே எடுக்கிறதா, குறைத்து எடுக்கிறதா என்று தெரிந்துவிடும். காருடன் வரும் சார்ஜர்களில் சில 10 ஆம்பியருக்கே மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அப்படியானால் எண்ணிக்கை அறுபதை ஒட்டி வரும். காரும் அணைந்திருக்கும்போது விளக்கு அடிக்கடி சிமிட்டினால், வீட்டில் ஏதோ ஒன்று தூங்காமல் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நான் நேரில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். உங்களைப் போலவே இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நேரவாரித் திட்டத்துக்கு மாறி, காரில் 11 மணிக்கு நேரம் குறித்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த ரசீது முன்னைவிடக் கூடுதலாக இருந்தது. மீட்டரின் வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது முதல் வாரம் 11 மணிக்கு எழுந்து நின்ற அந்த உயரமான கம்பம், இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் மாலை ஆறே முக்காலுக்கு வந்திருந்தது. இடையில் ஒரு நாள் மின்தடை ஏற்பட்டிருக்கிறது. அதோடு சுவரில் இருந்த சார்ஜர் தனக்குக் கொடுத்திருந்த நேரத்தை மறந்துவிட்டிருக்கிறது. காரிலும் சார்ஜரிலும் இரண்டிலும் நேரம் குறித்து, பிறகு ஒன்றோடொன்று மோதுவதைக் கண்டு காரில் குறித்ததை அவர்களே நீக்கியிருந்தார்கள். தவறு முழுக்க அவ்வளவுதான். அதனால் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இது: நேரத்தை ஓர் இடத்தில் மட்டும் குறியுங்கள், அது காராகவே இருக்கட்டும். காரில் சொந்த பேட்டரி இருப்பதால் மின்தடை அதன் கடிகாரத்தைத் தொடாது. மின்தடை ஏற்பட்ட மறுநாள் ஒரு முறை செயலியில் சரிபாருங்கள்.

பதினொரு மணி என்று சொன்னார்கள் என்பதற்காகச் சரியாக 11:00 என்று வைக்க வேண்டாம், 11:20 என்று வையுங்கள். மீட்டரின் கடிகாரமும் காரின் கடிகாரமும் சில நிமிடம் வேறுபட்டால் முதல் கால் மணி வேறு விலையில் விழுவதை அது தடுக்கும். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. ஒரு தெருவிலுள்ள எல்லாக் கார்களும் ஒரே நொடியில் தொடங்கினால் அந்தத் தெருவின் மின்மாற்றிக்கு நள்ளிரவில் புதிய உச்சம் ஒன்றை நாமே உண்டாக்கிவிடுகிறோம். பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்கள், தொடங்கும் நேரத்தைத் தாமாகவே பத்து நிமிடம் வரை, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில், தள்ளிவைக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதற்காகத்தான்.

சந்தாவுக்கு வருவோம். ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்ற சொல்லுக்குக் கீழே சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். மாதத்துக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் நியாயமான பயன்பாடு ஆகாது என்று ஓர் உச்ச வரம்பு பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு 170 யூனிட்தான் என்பதால் அது தடையாக இருக்காது. ஆனால் இரண்டாவது கார் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கேளுங்கள். காரின் யூனிட்டை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பது அடுத்தது. தனி மீட்டர், சார்ஜருக்குள் இருக்கும் மீட்டர், காரே அனுப்பும் தகவல் என மூன்று முறைகள் நடைமுறையில் உள்ளன. தனி மீட்டருக்கு நிலைக்கட்டணம் தனியாக விழக்கூடும். சார்ஜருக்குள் இருக்கும் மீட்டர் இணையத்தின் வழியே பேசுகிறது. இரண்டு நாள் வைஃபை போய்விட்டால் அந்த இரண்டு நாள் யூனிட்டுகள் சந்தாவில் சேருமா, வீட்டு மீட்டரின் சாதாரண விலையில் விழுமா என்பது மிகவும் முக்கியமான கேள்வி. அதற்கு வாய்மொழிப் பதில் போதாது.

சலுகை நேரத்துக்கு வெளியே ஏற்றினால் என்ன விலை என்பதையும் பாருங்கள். சில திட்டங்களில் சாதாரண விலை, சில திட்டங்களில் அபராதம் போன்ற விலை. அவசரமாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒரு மாலையில் பேட்டரி குறைவாக இருந்தால் நீங்கள் விலையைப் பற்றி யோசிக்கக் கூடாது. எனவே அந்த விலை என்னவென்று முன்கூட்டியே தெரிந்து மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பல சந்தாக்களில் சார்ஜரின் கட்டுப்பாடு நிறுவனத்தின் கையில் இருக்கும். மின்தேவை கூடும்போது அவர்கள் உங்கள் சார்ஜரை மெதுவாக்கலாம், சிறிது நேரம் நிறுத்தலாம். இது தவறன்று, விலையைக் குறைத்துக் கொடுப்பதே அதற்காகத்தான். ஆனால் காலை ஆறு மணிக்குள் நீங்கள் கேட்ட அளவு ஏறியிருக்கும் என்று அவர்கள் உறுதி தருகிறார்களா, தேவைப்பட்டால் நீங்கள் அதை மீறி ஏற்ற மாதத்துக்கு எத்தனை முறை அனுமதி என்று தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தபட்சக் காலம், இடையில் விலகினால் சார்ஜருக்குச் செலுத்த வேண்டிய தொகை, வீடு மாறினால் என்ன ஆகும், சந்தாத் தொகையை எப்போது உயர்த்தலாம் என்பவை மற்றவை.

7.4 கிலோவாட் சார்ஜரைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது பணத்தோடு முடிகிற விஷயம் அன்று. 230 வோல்ட்டில் 7.4 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். இப்போது உங்கள் பிளக்கில் போவதைப் போல இரண்டு மடங்கு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியிலும் இணைப்புகளிலும் வெப்பம் நான்கு மடங்காகும். வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடி நிற்கும். சார்ஜரோ மணிக்கணக்கில் இடைவிடாமல் இழுக்கும். பழைய கம்பியை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொருத்த வருபவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பகிர்மானப் பெட்டியிலிருந்து சார்ஜர் வரை தனிக் கம்பி, குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, நீளம் கூடினால் அதைவிடத் தடிமன், தனி பிரேக்கர், 40 ஆம்பியர், நல்ல எர்த், ஆளைக் காக்கும் கசிவுப் பாதுகாப்புக் கருவி. காரின் சார்ஜரிலிருந்து நேர்திசைக் கசிவு வரக்கூடும், சாதாரண வகைக் கருவி அதை உணராது. சார்ஜரிலேயே 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டறியும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ‘பி’ வகைக் கருவி வேண்டும். உங்கள் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஏ.சி. இரண்டும் ஓடும்போது இந்தச் சார்ஜரும் சேர்ந்தால் பத்துக் கிலோவாட்டைத் தொட்டுவிடும்; மின்பளுவை உயர்த்தினால் மாதந்தோறும் நிலைக்கட்டணம் உயரும், அதுவும் சந்தாவின் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதே. நல்ல சார்ஜர்களில் மின்னோட்டத்தை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கலாம். உங்கள் ஓட்டத்துக்கு அது தாராளம். நிறுவனம் ஒப்புக்கொண்டால் குறைத்தே பொருத்துங்கள்.

சந்தா எடுக்காமல் இப்போதைய பிளக்கிலேயே தொடர்வதானாலும் ஒன்று செய்யுங்கள். இன்றிரவு சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனபின் பிளக்கின் மேற்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடோ, சாக்கெட்டின் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறமோ, எரிந்த பிளாஸ்டிக் வாடையோ இருந்தால் அன்றே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். நீட்டிப்பு வயர் எதையும் இடையில் சேர்க்காதீர்கள். நீங்கள் எல்லோரும் உறங்கும் நேரத்தில் ஓடப்போகும் கருவி இது.

பேட்டரியைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு இடமில்லை. இரவு முழுவதும் செருகி வைப்பதால் அது கெடுவதில்லை. குறித்த அளவு ஏறியதும் கார் தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரியை மெல்ல வயதாக்குவது முழு நிறைவில் நெடுநேரம் நிற்பதும், வெப்பமுமே. உங்கள் காரில் இருப்பது நிக்கல் சேர்ந்த வகை என்றால் அன்றாட உச்ச அளவை 80 விழுக்காட்டில் வைத்துவிட்டு, நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் நூறுக்கு உயர்த்துங்கள். இரும்பு பாஸ்பேட் வகை என்றால் வாரம் ஒரு முறை நூறு வரை ஏற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களே பரிந்துரைப்பது வழக்கம். அந்த வகையில் மின்னழுத்தம் நடுவில் வெகுதூரம் மாறாமல் இருப்பதால், எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைக் கார் சரியாகக் கணிக்க அந்த முழு நிறைவு தேவைப்படுகிறது. கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். இரவில் மெதுவாக ஏற்றுவது, சாலையோர வேகச் சார்ஜரைவிடப் பேட்டரிக்கு இதமானதே.

ஆகவே என் கருத்து இது. மாமியார் வீட்டில் இருக்கிறார், நீங்கள் ஆறரைக்குத் திரும்புகிறீர்கள், ஏ.சி. இரண்டு, உங்கள் வீடு நான் சொன்ன இரண்டாவது வகையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் நேரவாரித் திட்டத்தை விட்டுவிடுங்கள். அதில் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மாலையில் ஏ.சி.யை அணைக்க வேண்டியிருக்கும். வயதானவர் ஒருவரைப் புழுக்கத்தில் உட்கார வைத்து வரும் மிச்சம் உங்களுக்கு வேண்டாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் தொடரும் என்றால் சந்தா உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அந்த ஆயிரத்தில் வீட்டில் ஏற்றியவை மட்டுமே கணக்கு. அலுவலகத்தில் சார்ஜ் செய்யும் வசதி வந்தாலோ, உங்களில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினாலோ ஓட்டம் அறுநூறுக்குக் கீழே போய்விடக்கூடும்; அப்போது இப்போதைய கட்டணமே மலிவு. அதனால் ஓராண்டுக்கு மேல் கட்டிப்போடும் சந்தாவை எடுக்க வேண்டாம். முதலில் இரண்டு வார மீட்டர் வாசிப்பு, அதற்குள் எலக்ட்ரீஷியனைக் கொண்டு கம்பியையும் எர்த்தையும் சோதிப்பது, அதன் பிறகே கையெழுத்து. வாசிப்புகளில் மாலைப் பங்கு, கார் நீங்கலான மொத்தத்தில் ஐந்தில் இரண்டுக்கும் குறைவாக வந்தால் என் ஊகம் தவறு. அப்போது கட்டண அட்டையின் நகலோடு அந்த எண்களை எனக்கு எழுதுங்கள், மறுபடியும் கணக்கிட்டுச் சொல்கிறேன்.